தறிக்குழியிலிருந்து பாதம் வரை... காஞ்சியை வாட்டும் சயாட்டிகா!

பட்டு நெய்பவரின் இடுப்பில் தொடங்கி, தொடை வழியாகப் பாதம்வரை இறங்கும் வலி இது. நீட்டிப் பயிற்சி செய்தால் தீருமா? எந்தப் பயிற்சி யாருக்கு? எப்போது அதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் தறிச்சத்தம் தெருவுக்கு வந்துவிடும். சத்தம் நிற்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். காப்பி குடிக்கவோ அறுந்த இழையை முடியவோ நெசவாளர் எழுந்திருப்பார். நாற்பது வயதைக் கடந்தவர் குழித்தறியிலிருந்து எழும் விதமே தனி. நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படைமரத்தில் ஒரு கையை ஊன்றுகிறார். இன்னொரு கையால் தரையைத் தள்ளுகிறார். முதலில் ஒரு கால் மேலே வருகிறது. அடுத்த காலைக் குழியிலிருந்து தூக்கும்போது பல்லைக் கடிக்கிறார். எழுந்த பிறகும் உடனே நிமிர முடிவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கியபடி, நாலைந்து அடி நடந்த பிறகுதான் முதுகு நேராகிறது.

கேட்டால், “இடுப்புல பிடிச்சு காலுக்கு இழுக்குது” என்பார்கள். சிலர் “வாயு” என்பார்கள், சிலர் “நரம்பு இழுப்பு” என்பார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் “டிஸ்க்கு நகர்ந்துருச்சாம்” என்பார்கள். வலி இறங்கும் பாதையை விரலால் காட்டச் சொன்னால் பலரும் ஒரே கோட்டைத்தான் காட்டுகிறார்கள். பின்பக்கச் சதையில் தொடங்கி, தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்கால் வெளிப்புறமாகப் போய், பாதத்தில் முடிகிற கோடு. மருத்துவப் புத்தகங்களில் சயாட்டிக் நரம்பின் வழி என்று வரைந்திருப்பதும் இதே கோடுதான்.

வலி புறப்படும் இடம்

உடம்பிலேயே பருமனான நரம்பு சயாட்டிக். இடுப்பு முள்ளெலும்பின் கடைசி இரண்டு கணுக்களிலிருந்தும் அதற்குக் கீழே உள்ள திருவெலும்பிலிருந்தும் வரும் ஐந்து வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாவது. பின்பக்கச் சதைக்குள் கட்டைவிரல் பருமனில் இருக்கும். காலின் பின்புறத் தசைகளுக்கும், முழங்காலுக்குக் கீழே பெரும்பகுதிக்கும் உணர்ச்சியும் இயக்கமும் இந்த நரம்பின் வழியாகத்தான் போகின்றன. எனவே கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ 1764-ல் இந்த வலியைப் பற்றித் தனி நூலே எழுதினார். நரம்பை அழுத்துவது பல நேரங்களில் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுதான் என்பதை உலகம் உறுதியாக ஏற்க மேலும் 170 ஆண்டுகள் ஆயின. 1934-ல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதை அறுவை சிகிச்சை மூலம் காட்டினார்கள்.

வட்டு பிதுங்குவது முக்கியமான காரணம். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இது அதிகம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நரம்பு போகும் பாதையே குறுகிவிடுவதாலும் இதே வலி வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு. பின்பக்கச் சதைக்குள் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்று ஒரு சிறு தசை இருக்கிறது. சயாட்டிக் நரம்பு அதன் அடியில் நுழைந்துதான் தொடைக்குப் போகிறது. அந்தத் தசை இறுகினாலும் கால் இழுக்கும். மூன்றுக்கும் வலி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தாலும் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட பயிற்சி நமக்கு வலியைக் கூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

குழித்தறி உடம்பை என்ன செய்கிறது?

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டைகளை மிதிக்கிறார். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கண் பட்டின் மேலேயே இருப்பதால் கழுத்தும் மேல்முதுகும் முன்னால் வளைகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் நாடாவை ஓட்டி, அச்சுப் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். உடல் முன்னே சாய்ந்து பின்னே வருவது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இதில் ஜக்கார்டு மிதி தனிச் சுமை. தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி பாவு இழைகளைத் தூக்குவதற்கான பலம் முழுவதும் காலிலிருந்து வர வேண்டும். கனமான சரிகை வேலைப்பாடு என்றால் தூக்க வேண்டிய இழைகளும் அதிகம். ஒரே காலில் திரும்பத் திரும்ப அழுத்தும்போது இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாய்ந்து பழகிவிடுகிறது. கூடவே பலகையின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நரம்பு அதே இடத்தின் வழியாகத்தான் போகிறது.

கோர்வைச் சேலையில் இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக மூன்று நாடாக்களில் நெய்வது காஞ்சிப்பட்டின் பெருமை. ஒரு பக்கக் கரை நாடாவை நெசவாளர் பார்த்துக்கொள்ள, மறுபக்க நாடாவைப் போட ஓர் உதவியாள் வேண்டும். முன்பு அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே உட்கார்ந்தார்கள். பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சியால் குழந்தைகள் தறியிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். ஆனால் அதற்கு முன்பே எட்டு, ஒன்பது வயதில் தறியோரம் உடம்பைத் திருகி உட்கார்ந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய முதுகின் வயதைப் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிட முடியாது.

ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முதுகு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் இன்னும் கூடுகிறது என்று கண்டார். பின்னால் வந்த ஆய்வுகள் வெறுமனே உட்காருவது அவ்வளவு கெடுதல் இல்லை என்று திருத்தின. குனிந்து உட்காருவதைப் பற்றிய கணிப்பு மட்டும் மாறவில்லை. நெசவாளர் நாள் முழுக்க இருப்பது அந்த நிலையில்தான்.

தறியில் இல்லாதவர்களுக்கும்...

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் வெள்ளை மெத்தை விரித்து, சம்மணம் போட்டு, குனிந்து குனிந்து சேலை விரித்துக் காட்டும் விற்பனையாளர்களுக்கும் இந்த வலி புதிதல்ல. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாளின் வாகனங்களைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் கனத்த தண்டை ஒரே தோளில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கிறார்கள். இறக்கி வைக்கும் நொடியில் இடுப்பு பிடித்துக்கொள்வது உண்டு. தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போன அடுத்த தலைமுறை, ஷிப்டு முழுக்க நின்று வேலைசெய்துவிட்டு நீண்ட நேரம் பேருந்தில் உட்கார்ந்து வீடு திரும்புகிறது. பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸை வைத்தபடியே கார் ஓட்டுபவர்களுக்குப் பிரிஃபார்மிஸ் தசை அழுந்திக் கால் மரத்துப்போகும். பர்ஸை எடுத்துவிட்டாலே பலருக்குச் சரியாகிவிடும்.

உலக அளவில் 2020-ல் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

நரம்பை இழுக்கலாமா?

இப்போது நீட்டிப் பயிற்சிக்கு வருவோம். ‘கால் இழுக்குதா, நீட்டி விடு’ என்பது எல்லாரும் சொல்லும் வைத்தியம். யூடியூப் திறந்தால் ‘ஒரே நிமிடத்தில் சயாட்டிகா ஓடிவிடும்’ என்று பத்துப் பேர் காலை நீட்டிக் காட்டுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, வலிக்கிற காலை நேராக நீட்டி, பெருவிரலை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு குனிபவர்கள் நிறைய. வட்டு பிதுங்கியவர் செய்யவே கூடாதது இதுதான்.

நரம்புக்கு இழுபடுவது பிடிக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் சயாட்டிகா நோயாளிகளின் தொடையைத் திறந்து, நரம்பை வெளியே எடுத்து, கையாலேயே இழுத்து நீட்டினார்கள். ‘நரம்பு நீட்டல்’ என்ற பெயரில் சில காலம் பெரிதாகப் பேசப்பட்ட அந்தச் சிகிச்சை, பலனைவிடக் கெடுதல் அதிகம் என்பதால் கைவிடப்பட்டது. தசையை நீட்டலாம், மூட்டை அசைக்கலாம். நரம்பைப் பொறுத்தவரை அது தடையில்லாமல் வழுக்கி ஓட வழிசெய்தால் போதும். தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாவு இழை ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் மறுமுனையைப் பிடித்து யாரும் இழுக்க மாட்டார்கள். சிக்கை எடுத்துவிட்டால் இழை தானாக ஓடும்.

எந்தத் திசையில் அசைந்தால் சிக்கு விடுபடும் என்பதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1956-ல் ராபின் மெக்கன்சி என்ற இளம் இயன்முறை மருத்துவரிடம் கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்த நிலையில் ஐந்து நிமிடம் கிடந்தார். அந்தக் காலத்து மருத்துவ அறிவுப்படி அது ஆபத்தான நிலை. மெக்கன்சி பதறிப்போய்க் கேட்டபோது, பல வாரங்களில் முதல் முறையாகக் கால்வலி இல்லை என்றார் அவர். மெக்கன்சி வாழ்நாள் முழுக்க அந்தத் திசையிலேயே போனார். அவர் வகுத்த முறை இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. நம் ஊரில் புஜங்காசனம் செய்பவர்களுக்கு அந்த வளைவு பழக்கமானதுதான்.

அந்த முறையில் ஒரு எளிய விதி உண்டு. வாசகர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு பயிற்சியைச் செய்யும்போது வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் மேலே ஏறினால் அது உங்களுக்கான பயிற்சி. இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, தொடரலாம். மாறாக, இடுப்பில் இருந்த வலி கீழே இறங்கி பாதத்தை நோக்கிப் போனால், அந்தப் பயிற்சி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

வட்டு பிதுங்கிய பலருக்குப் பின்னால் வளையும்போது வலி மேலே ஏறும். பாதை குறுகிய முதியவர்களுக்கு இது தலைகீழ். நிமிர்ந்து நடந்தால் கால் கனக்கும், எங்காவது உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் வலி தணியும். கோயில் பிராகாரத்தில் பாதிச் சுற்று நடந்துவிட்டு உட்கார இடம் தேடும் பெரியவர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி இதம் தரும். புஜங்காசனம் வலியைக் கூட்டும்.

---

பெட்டிச் செய்தி: பாயில் செய்யும் பயிற்சிகள்

*முதல் முறை ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. படுக்கையை விட்டு எழுந்த உடனே வேண்டாம். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துச் செய்யலாம்.*

குப்புறப் படுத்தல்: தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் அப்படியே கிடக்கலாம். வலி கீழே இறங்கவில்லை என்றால், முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துங்கள். அதுவும் ஒத்துக்கொண்டால், உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளை நேராக்கி மேலுடலைத் தூக்குங்கள். இடுப்பு பாயிலேயே இருக்க வேண்டும். பத்து முறை. ஒரு நாளில் பல தடவை செய்யலாம்.

பின்பக்கச் சதைக்கு: மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். வலிக்கும் காலின் கணுக்காலை மறு தொடையின் மேல் வையுங்கள். அந்த மறு தொடையை இரண்டு கைகளாலும் பிடித்து மார்பை நோக்கி மெதுவாக இழுங்கள். பின்பக்கத்தில் இழுபடும் உணர்வு தெரிய வேண்டும், சுரீர் என்ற வலி வரக் கூடாது. முப்பது விநாடி. மூன்று முறை.

முழங்கால் அணைப்பு: மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்குக் கொண்டுவருவது. முன்னால் சாய்ந்தால் வலி தணிபவர்களுக்கு மட்டும்.

நரம்பு ஓட்டம்: திண்ணையிலோ நாற்காலியிலோ உட்காருங்கள். வலிக்கும் காலின் முழங்காலை மெல்ல நீட்டும்போது தலையை உயர்த்தி மேலே பாருங்கள். காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். நிறுத்திப் பிடிக்கக் கூடாது. போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து முறை போதும்.

தொடைப் பின்தசை: வலி நன்றாகக் குறைந்த பிறகு மட்டும். மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துண்டைப் போட்டு, முழங்காலைச் சற்று மடக்கியபடியே காலை உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

தறியோரத்தில்: அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஐந்தாறு தடவை பின்னால் வளையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

---

படுத்தே கிடந்தால் சரியாகுமா?

ஆகாது. ஒரு காலத்தில் சயாட்டிகா வந்தால் மூன்று வாரம் படுக்கை என்று எழுதிக்கொடுத்தார்கள். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. இரண்டு வாரம் படுத்துக் கிடந்தவர்களுக்கும், முடிந்த அளவு நடமாடியவர்களுக்கும் குணமடைவதில் வித்தியாசமே இல்லை என்று அது காட்டியது. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசைதான் பலவீனமாகும்.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் வலி கணிசமாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய வட்டுப் பகுதியை உடலே கரைத்து உள்வாங்கிக்கொள்வதும் பலருக்கு நடக்கிறது. நீட்டிப் பயிற்சியின் பலனை மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. சும்மா நடமாடுபவர்களைவிட முறையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு முதல் சில மாதங்களில் சற்றுக் கூடுதல் நிவாரணம் கிடைக்கிறது, ஓராண்டு கழித்துப் பார்த்தால் வித்தியாசம் மங்கிவிடுகிறது என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கூலிக்கு நெய்பவருக்கு அந்த முதல் சில மாதங்கள் மிகப் பெரியவை. பயிற்சிக்குச் செலவும் இல்லை.

செலவு வேறு இடங்களில் ஆகிறது. வலி வந்த வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க ஓடுகிறோம். முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1994-ல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு வட்டு துருத்திக்கொண்டிருந்தது. எனவே ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயல்ல. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘இனி தறியில் உட்காரவே முடியாது’ என்று மனம் உடைவது வலியைவிடக் கொடுமை. நரம்பு வலிக்கு என்று பரவலாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரை, சயாட்டிகாவில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. தலைசுற்றல் மட்டும் கூடியது.

அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்கள் உண்டு. ஆறு வாரம் தாண்டியும் வலி தாங்க முடியவில்லை, ஸ்கேனும் அறிகுறியும் ஒத்துப்போகின்றன என்றால் அது நல்ல சிகிச்சைதான். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஓராண்டு முடிவில் அறுவை இல்லாமல் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள் என்பது 2007-ல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வின் முடிவு. பயத்தில் முடிவெடுக்காமல் யோசிக்க நேரம் இருக்கிறது என்று இதற்குப் பொருள்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் தடவி நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பது இறுகிய தசைக்கு இதமாகவே இருக்கும். அந்த இதத்தோடு பயிற்சி செய்வது எளிது. சித்த மருத்துவத்தில் முறையாகப் பார்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆபத்து வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று, முதுகில் ஏறி மிதிப்பது, காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது. இன்னொன்று, பெயர் ஒட்டாத பொட்டலப் பொடி. ஸ்டீராய்டு கலந்த பொடி இரண்டே நாளில் வலியைக் குறைத்துவிடும், மாதக்கணக்கில் தின்றால் எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுத்துவிடும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தினமும் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

---

பெட்டிச் செய்தி: பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்

* சிறுநீர் போக முடியவில்லை, அல்லது தெரியாமலே போகிறது. மலம் அடக்க முடியவில்லை.
* பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதி மரத்துப்போகிறது.
* பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்று விழுகிறது.
* இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வலியும் பலவீனமும்.
* முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பு, அல்லது முன்பு புற்றுநோய் இருந்தவர்.
* கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி.

முதல் இரண்டும் முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம். சில மணி நேரத்துக்குள் முடிவெடுத்து அறுவை செய்ய வேண்டிய அவசரம் அது. கூச்சப்பட்டு மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

---

ஒரு மாதம் தறி நின்றால்...

பத்து நாளில் முடியும் சேலையும் உண்டு, இருபத்தைந்து நாள் எடுக்கும் சேலையும் உண்டு. கூலி சேலைக்கு. நாளுக்கு அல்ல, மணிக்கு அல்ல. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. வலியோடு உட்கார்ந்து பத்து நாள் வேலையைப் பதினெட்டு நாளில் முடித்தாலும் கூலி அதேதான். படுத்துவிட்டால் அதுவும் இல்லை. உதவியாளுக்கும் அன்று வேலை இல்லை. பாவு தறியிலேயே கிடக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நெய்யாமல் தனியாரிடம் முன்பணம் வாங்கி நெய்பவர் என்றால், நிற்கும் ஒவ்வொரு நாளும் கடனின் ஆயுளை நீட்டுகிறது.

எனவேதான் ‘அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள்’ என்ற அறிவுரை தறிக்காரர் காதில் ஏறுவதில்லை. எழுந்து நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. குழித்தறியிலிருந்து எழுவதே ஒரு வேலை. ஊடையின் தாளம் கெட்டுப்போகும் என்ற கவலை வேறு. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-ல் நடந்தது. நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் என்றது அது. மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்பதும் அதிலேயே இருக்கிறது. காஞ்சிப்பட்டின் கூலி அந்தச் சராசரியைவிட மேல் என்றாலும், ஒரு மாதம் உழைப்பில்லாமல் சமாளிக்கும் சேமிப்பு பல வீடுகளில் இல்லை.

நாட்டின் கைத்தறி நெசவாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. காஞ்சியிலும் நூல் சுற்றுவது, கரை நாடா போடுவது, தறியிலேயே உட்கார்ந்து நெய்வது என்று பெண்களின் உழைப்பு வீட்டுக்கு வீடு இருக்கிறது. தறியிலிருந்து எழுந்த உடனே அவர்கள் குடத்தைத் தூக்குகிறார்கள், குனிந்து பெருக்குகிறார்கள், அம்மியோரம் உட்காருகிறார்கள். ஆண்களுக்காவது இரவில் முதுகு பாயில் படுகிறது. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த வயிற்றுத் தசையோடு சில வாரங்களிலேயே தறியேறும் பெண்களுக்கு இடுப்பு விட்டுப்போவது விதியல்ல. கவனித்தால் தடுக்கக் கூடியது.

வலி அடுத்த தலைமுறையின் முடிவையும் தீர்மானிக்கிறது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளை தறிக்கு வராது. வருமானம் குறைவு என்பது நாம் அடிக்கடி பேசும் காரணம். உடம்பு என்கிற காரணத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை. கோர்வைக்குக் கைகள் குறைந்துபோனதில் இதற்கும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சிக்கு முன்னால் தறி மாற வேண்டும்

நீட்டிப் பயிற்சி வலியைத் தணிக்கும். மறுநாள் அதே பலகையில் அதே குனிவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வலி திரும்பும். எனவே தறியிலும் கை வைக்க வேண்டும். சில மாற்றங்களுக்கு ஒரு பைசாகூட வேண்டாம். குழியின் ஆழம் உட்காருபவரின் கால் நீளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, பாதம் முழுதும் மிதியில் பட வேண்டும். தாத்தா தோண்டிய குழியில் பேரன் உட்காரும்போது இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பள்ளம் அதிகம் என்றால் அடியில் செங்கல் அடுக்கி மேடாக்கலாம். பலகையின் முன்விளிம்பைச் சீவி வளைவாக்கலாம். மேலே ஒரு மடித்த கம்பளி போடலாம். பலகையின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தினாலே இடுப்பு முன்னால் சாய்ந்து, முதுகு தானாக நிமிரும். வெளிச்சம் சரியாக இருந்தால் குனிய வேண்டிய தேவையும் குறையும்.

பெரிய மாற்றத்துக்கு உதவி இருக்கிறது. தறி, தறி உபகரணங்கள் வாங்க 90 சதவீதச் செலவை மத்திய அரசு ஏற்கும் ‘ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா’ என்ற திட்டம் உண்டு. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இயங்குகிறது. மோட்டார் வைத்து ஜக்கார்டைத் தூக்கும் அமைப்பு வந்துவிட்டது. காலின் சுமையில் பெரும்பகுதியை அது எடுத்துவிடும். தங்கள் தறிக்கு எது பொருந்தும் என்று நெசவாளர்கள் அங்கே போய்க் கேட்க வேண்டும்.

சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். மாத்திரைக்காக அந்தப் பணியாளர்களை எதிர்பார்க்கும் வீடுகளில் பல, பிசியோதெரபி கேட்கலாம் என்பதையே அறியவில்லை. கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயரிலும், காமாட்சியம்மன் பெயரிலும் இந்த ஊரில் பட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. நெய்த சேலையைக் கொடுத்துவிட்டுப் பட்டும் சரிகையும் வாங்கிப்போக நெசவாளர்கள் சங்கத்துக்கு எப்படியும் வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள், அந்த வளாகத்திலேயே ஓர் இயன்முறை மருத்துவரை உட்கார வையுங்கள். நாலு பாய் விரித்து வையுங்கள். வருபவரின் வலி மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்த்து, அவரவருக்கான ஒன்றிரண்டு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். ஒரு முகூர்த்தச் சேலையின் விலைக்குள் ஓராண்டு முழுக்க இதை நடத்திவிடலாம்.